சொந்த விருப்பம்

முதுகை நன்றாக வளைத்துக் குனியச் சொன்னார் மயக்க டாக்டர், பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி என்றார், இந்த வயிற்றை மடியில் வைத்துக்கொண்டு எங்கே வளைவது, ஒரு நர்ஸ் முன்னால் வந்து நின்று என் தோள் இரண்டையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், என் நெற்றி அவளுடைய அடையாள அட்டையில் இடித்தது, பின்னால் கவுன் முழுக்கத் திறந்து கிடந்தது. இதற்குக் கூச்சப்பட வேண்டும். மிதுனா பிறந்தபோது இதே மாதிரி உட்கார்ந்து கூச்சத்தில் அழுதேன், பின்னால் நிற்கிறவர் ஆம்பிளை என்பதையே நினைத்துக்கொண்டு. இந்தத் தடவை அந்தக் கூச்சம் வரவில்லை, அது உட்கார வேண்டிய இடத்தில் வேறொன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சு சில்லென்று நடுமுதுகில் இறங்கியது. அசையாதே என்றார்கள். நர்ஸ் என்னைப் பேச்சில் வைத்திருப்பதற்காகவோ, இல்லை கேட்டே ஆக வேண்டியதோ, பெயரைச் சொல்லு என்றாள். கோகிலவாணி. வீட்டுக்காரர் பெயர். தனபால். எத்தனாவது பிரசவம். ரெண்டாவது. இன்னைக்கு உனக்கு என்னென்ன பண்ணப் போறாங்கன்னு தெரியுமா. சிசேரியன் என்றேன். அது மட்டுந்தானா. கூட, என்று இழுத்தேன். கூட என்னம்மா, வாயைத் திறந்து சொல்லோணும் என்றாள். குடும்பக் கட்டுப்பாடு என்றேன், அந்த அட்டைக்குள்ளேயே சொல்வதுபோல அவ்வளவு மெதுவாக, இரண்டு கதவு தாண்டி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. உன் சொந்த விருப்பந்தானே என்றாள். முந்தாநாள் ஃபாரத்திலும் இதே வார்த்தைதான் இருந்தது, யாருடைய கட்டாயமும் இன்றி என் சொந்த விருப்பத்தின் பேரில். ஆமா என்றேன். ஊசி இறங்கியது.

காலிலிருந்து ஒரு சூடு ஏறியது, கால் நனைந்த சாக்குபோலக் கனத்துப் போனது, பிறகு கனமும் இல்லை. படுக்க வைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே கம்பி நட்டுப் பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள், துணிக்கு இந்தப் பக்கம் என் தலையும் இரண்டு கையும், அந்தப் பக்கம் மற்றதெல்லாம் அவர்களுடையது. துணியின் நெசவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஏழு வருசம் செக்கிங் பார்த்த கண், ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்ட இடம் என்று எதைப் பார்த்தாலும் தேடும். இந்தத் துணியில் ஓட்டை இல்லை. அக்கா இப்போது என்ன பண்ணிக்கொண்டிருப்பாள், கூடையை மடியில் வைத்திருப்பாள், தன் வீட்டுக்காரர் பொன்னுசாமி மாமாவுடைய பழைய வேட்டியைக் கிழித்து, சுடுதண்ணியில் அலசி, வெயிலில் போட்டு, நாலாக மடித்து ஒன்பது துண்டு கொண்டுவந்திருக்கிறாள், குழந்தையை வாங்க. என் அம்மா போய் நாலு வருசமாகிறது. இருந்தபோதும் மில்லில் முறை வேலை, ஒரு வாரம் காலையில் ஒரு வாரம் சாயங்காலம், என்னை வளர்த்தது சாந்தாமணி அக்காதான், ஒன்பது வயது மூத்தவள். முதல் பிரசவத்துக்கும் குண்டடத்துக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்குத்தான் போனேன். அதுதான் எனக்குத் தாய் வீடு. மூன்று மாதம் இருந்தேன். அவளுக்கு இரண்டு தடவை கலைந்து, கோயமுத்தூருக்கு ஆறு வருசம் நடந்து, ஊசியும் மாத்திரையும் போதும் என்று அவளே நிறுத்தியிருந்த சமயம் அது. குழந்தையைக் குளிப்பாட்டினதும், வசம்பு கட்டினதும், தூக்கி வைத்துக்கொண்டு நடந்ததும் அவள். நான் பால் கொடுத்தேன், அவ்வளவுதான். பால் கொடுத்து முடிக்கும் முன்பே அவள் கை நீண்டிருக்கும். ஏப்பம் விட வைக்கோணும், குடு பாப்பா, என்பாள். தனக்கு நாற்பத்தொரு வயசானாலும் எனக்கு முப்பத்திரண்டு ஆனாலும் அவளுக்கு நான் பாப்பாதான். பகல் தூக்கத்தில் குழந்தை சிணுங்கினால் நான் கண்ணைத் திறப்பதற்குள் தொட்டில் காலியாக இருக்கும். அப்போதெல்லாம் நல்லதுதான் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். நல்லதுதான் என்றுதான் நினைத்தேனா. மூன்றாவது மாதம் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, காரில் ஏறி உட்கார்ந்ததும் மிதுனா அக்கா பக்கம் திரும்பிக்கொண்டு ஊளையிட்டாள், மூன்று மாதக் குழந்தைக்கு என்ன தெரியும், வாசனை தெரியும், என் மடியில் இருந்துகொண்டு அந்த வாசனைக்காக அழுதாள், அக்காவும் அழுதாள், எல்லோரும் அவள் பாசத்தைப் பேசினார்கள், நான் காரின் கண்ணாடியை ஏற்றினேன். தூசி வருது என்றேன். தூசி வரவில்லை.

வயிற்றில் யாரோ பேனாவால் கோடு போடுவதுபோல ஏதோ நடந்தது, வலி இல்லை, தொடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வலிச்சாச் சொல்லும்மா என்றார் டாக்டரம்மா. அவருடைய குரல் மட்டும் எனக்குப் பழக்கம், எட்டு மாதமாக அவரிடந்தான் காட்டுகிறேன். சரி என்று சொல்வது எனக்கு எப்போதும் சுலபம். மிதுனாவுக்கு இரண்டு வயது நடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அவளும் ஒரு கை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள், நிமிராமலே சொன்னாள். உனக்கு அடுத்து ஒண்ணு ஆனா அதை நீங்க வெச்சுக்கோங்க, ரெண்டு இருந்தாத்தான் உங்களுக்கும் ஆகும். அதுக்கு மேல ஒண்ணு வந்தா எனக்குக் குடுத்துரு. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும். சிரித்திருக்கலாம், யோசிக்கலாம் என்றிருக்கலாம், அவர்கிட்டக் கேட்கோணும் என்று தனபாலின் தலையில் போட்டிருக்கலாம். சரிக்கா என்றேன். வெங்காயத்தில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், அவள் தன் கண்ணைத் துடைக்காமல் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. பேசியிருந்தால் மறுத்துக்கூட இருப்பேன், பேசாமல் வைத்துக்கொண்டாள். நான் மிதுனாவைக் கூட்டிக்கொண்டு போகிற போதெல்லாம் பிள்ளை பெரிம்மா என்று ஓடிப்போய் ஒட்டிக்கொள்வாள், திரும்பி வரும்போது என் கையை உதறுவாள், ஒரு தடவை நீ போ, நான் பெரிம்மா வீட்லயே இருக்கறேன் என்றாள், அக்கா அப்படியெல்லாம் சொல்லக்கூடாது சாமி என்று அதட்டினாள், அதட்டும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம், அவளுக்கே தெரியாமல். நான் பார்த்தேன். ஓட்டை பார்க்கிற கண் அதைத்தான் பார்க்கும்.

இழுக்கிறார்கள். உள்ளே பீரோ நகர்த்துகிற மாதிரி. எங்கேயோ மயிர் கருகுகிற வாடை வந்தது, அது நான்தான் என்று தெரிய ஒரு நிமிசம் ஆனது. எட்டாவது மாதம் டாக்டரம்மாதான் ஆரம்பித்தார், ரெண்டாவதும் சிசேரியன்தான், வயித்தைத் திறக்கும்போதே கு.க. பண்ணிக்கிறதுன்னாப் பண்ணிக்கலாம், தனியா இன்னொரு தடவை வர வேண்டியதில்ல, யோசிச்சுச் சொல்லுங்க, கட்டாயம் ஒண்ணுமில்ல என்று. உங்க வீட்டுக்காரர்கூடப் பண்ணிக்கலாம், அவங்களுக்கு இதைவிடச் சின்ன வேலை என்றார். தனபால் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர்போலப் படிக்க ஆரம்பித்தார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது, உன்ற உடம்பு, நீயே முடிவு பண்ணிக்க, நான் எதுக்கும் குறுக்க நிக்க மாட்டேன் என்றார். தறியில் இரண்டு ஷிஃப்ட் நிற்கிற மனுசன், கெட்டவர் இல்லை. பெருந்தன்மைதான். ஆனால் வழி நெடுக அவருடைய முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தபோது முடிவு முழுக்க என் மடியில் கிடந்தது. முடிவு பண்ண எனக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை, அதுதான் உறுத்துகிறது. ஐந்து மாதம் கம்பெனி வேனில் பிளாஸ்டிக் கவரை வாயில் வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தது போதும், சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயர் இருக்கிறது, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தால் போதும், எல்லாம் உண்மை, வரிசையாக எடுத்து வைத்தால் யாரும் தப்புச் சொல்ல முடியாத உண்மை. முந்தாநாள் வார்டில் ஃபாரம் கொண்டுவந்த நர்ஸிடம் அத்தனையும் சொன்னேன், அவள் கேட்காமலே. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், பின்னால மனசு மாறினா இதை மாத்துறது கஷ்டம், தெரியுமா. தெரியும் என்றேன். அதற்காகத்தானே. கையெழுத்துப் போடும்போது அக்கா கேன்டீனில் சுடுதண்ணி வாங்கப் போயிருந்தாள். அவள் போகட்டும் என்று பார்த்திருந்து, ஃப்ளாஸ்க்கில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அனுப்பினவள் நான்.

அவளிடம் என்ன சொல்வது என்பதையும் அப்போதே முடிவு பண்ணி வைத்திருந்தேன். டாக்டர் சொல்லிட்டாங்கக்கா, மூணாவது தாங்காதாம், பழைய தையல் மெலிஞ்சு போச்சாம், உசுருக்கு ஆபத்தாம். அந்தந்த இடத்தில் நிறுத்தி, குரலை இறக்கி, பாத்ரூம் கண்ணாடியைப் பார்த்து இரண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். அவளும் மாமாவும் தத்தெடுக்கிறதுக்குப் பதிவு பண்ணியிருந்தார்களாம், மூன்று வருசம் ஆகிறதாம், யாரிடமும் சொல்லவில்லையாம், கிடைத்தபிறகு சொல்லலாம் என்று. எனக்கு அது புதுசு. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லிப் போன மாசம் தகவல் வந்துச்சு, நாங்க விட்டுட்டோம் பாப்பா, வயசு ஏற ஏறப் பெரிய பிள்ளையாத்தான் தருவாங்களாம், மாமா என்னவோ பண்ணலாம்னுதான் சொன்னாரு, நாந்தான் வேண்டாம்னேன், நமக்குள்ளயே ஒண்ணு வரும்போது வெளிய எதுக்குப் போகோணும். சொல்லிவிட்டு ஒரு சுளையை எடுத்துக் கொட்டை இருக்கிறதா என்று நசுக்கிப் பார்த்து என் வாயில் வைத்தாள். நான் மென்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். அக்கா புதுப்பிச்சுக்க, என்னை நம்பாத, என்று ஆறு வார்த்தைகூட இல்லை. இல்லாவிட்டால் எழுந்து போய் நர்ஸிடம் அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போடுங்கள் என்றிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று. நான் இன்னொரு சுளைக்கு வாயைத் திறந்தேன். இதை யாரிடம் சொல்வது, வாயைத் திறந்தேன் என்பதை. அந்தச் சுளை இனித்தது என்பதை.

அப்போது துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரம்மா பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் சொன்னது கேட்டது. பழைய தையல் ரொம்ப நல்லா இருக்கு பாரு, நல்லா ஆறியிருக்கு. அவர் ஏதோ பாடம் சொல்லித் தருகிறார், எனக்குச் சொல்லவில்லை. ஆனால் என் பொய்யின் ஒரே கால் அதுதான், அதை அவர் போகிற போக்கில் எடுத்துவிட்டார். நல்லா இருக்கிறதாம். இன்னொன்று தாங்கும். மார்புக்குக் கீழே யாரோ இரண்டு கையாலும் அழுத்தினார்கள், மூச்சு ஒரு பக்கமாக ஒதுங்கியது, தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் ஒரு வினாடி எதுவும் இல்லை, அப்புறம் அழுகை. எவ்வளவு கோபம் அந்த அழுகையில். துணிக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள், வெள்ளை மாவு பூசின மாதிரி, ஊதாக் கால், பொண்ணும்மா, பத்து நாப்பத்திரண்டு என்று நேரம் சொன்னார்கள். கன்னத்தில் ஒரு தடவை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். சூடாக இருந்தாள். அழுதேன், அது சந்தோசந்தான், அதில் பொய்யில்லை. டாக்டரம்மா துணிக்கு மேலே தலையை நீட்டினார், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும். கோகிலா, ரெண்டும் பொண்ணு. பரவால்லையா. கு.க. பண்ணிறலாமா, கடைசியா ஒரு தடவை கேக்கறேன், மனசு மாறியிருந்தாச் சொல்லு, ஒண்ணும் தப்பில்ல.

இங்கேதான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். எத்தனை வருசம் ஆனாலும் இங்கேதான் நிற்பேன் என்று நினைக்கிறேன். அவர் அதை ஆண் பிள்ளைக்காகக் கேட்டார், இன்னொன்று பார்க்கலாம் என்று என் மாமியார் நினைப்பார் என்று கேட்டார், அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குச் சுலபம், பொண்ணு ரெண்டும் எனக்குப் போதும். ஆனால் அவருக்குத் தெரியாத இன்னொரு கேள்வி அதற்குள் இருந்தது. வராந்தாவில் ஒன்பது துண்டு வேட்டித் துணியோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது மாதம், ஒரு வாந்தி, ஒரு கிழிப்பு, அவ்வளவுதானே, அவள் எனக்குச் செய்ததற்கு இது எந்த மூலைக்கு. பெற்றுக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள், தங்கைக்குக் கொடுத்திருக்கிறார்கள், கொழுந்தனுக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஊரில் எத்தனை பேர். என்னால் முடியாது. உடம்பால் முடியும், தையல் நன்றாக இருக்கிறது. அவள் வீட்டு வாசலில் என் மூக்கும் என் நெற்றியுமாக ஒன்று நின்று, அவளைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சித்தி என்று சொல்வதை என்னால் பார்க்க முடியாது. அதுகூட இல்லை. மிதுனா விசயத்தில் அவள் ஜெயித்துவிட்டாள், இன்னொன்றிலும் முழுசாக அவளை ஜெயிக்க விட முடியாது. இவ்வளவு அசிங்கமாக இதை நான் இதற்கு முன் நினைத்ததில்லை. வெளிச்சத்துக்குக் கீழே, கையை இரண்டு பக்கமும் விரித்துக் கட்டிக் கிடக்கும்போதுதான் அது இவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது. பண்ணீருங்க மேடம் என்றேன். நல்லாக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். சரி என்று அவருடைய கண் கீழே போனது. அதற்கப்புறம் ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை, ஏதோ கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி வலப்பக்கம் ஒன்று, பெரிய வலி இல்லை, தொண்டை வரை ஒரு குமட்டல், நூல் வெட்டுகிற சின்னச் சத்தம், ஒரு பக்கம் ஆச்சு என்றார்கள், அப்புறம் இடப்பக்கம். இவ்வளவுதானா. யாரோ மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், யாரோ தயிர் சாதம் என்றார்கள்.

வார்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது பல் கிடுகிடுவென்று ஆடியது, குளிர் இல்லை, மருந்து இறங்குகிற நடுக்கம் என்றார்கள், இரண்டு கம்பளி போர்த்தினார்கள். தலையணை இல்லாமல் நேராகக் கிடந்தேன். அக்கா வந்தாள், குழந்தையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. தொட்டிலில் கிடத்திவிட்டு என் பக்கம் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்த நர்ஸ் வாசலில் நின்று, கோகிலவாணிகூட வந்தவங்க யாரு, பொண்ணு, ரெண்டே முக்காக் கிலோ, சிசேரியன், கு.க. ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது என்று எல்லோருக்கும் கேட்கிறபடி சொல்லியிருக்கிறாள். அவர்கள் தினமும் சொல்வதுதான். அக்கா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து என் உதட்டில் வைத்தாள்.

"டாக்டரு ஏதாச்சும் சொன்னாங்களா பாப்பா? உனக்கு உள்ள ஏதாச்சும் ஆகிப்போச்சா? எங்கிட்ட மறைக்காத."

பொய்யை நான் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, அவளே கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டாள், நான் தலையை ஆட்டினால் போதும். என் உயிருக்கு ஏதோ ஆபத்து, அதனால்தான் அவசரமாகப் பண்ணிவிட்டார்கள் என்று வராந்தாவில் இருந்து இதுவரை அவள் தனியாகப் பயந்திருக்கிறாள். தன்னுடையது போனதைப் பற்றி அவள் முகத்தில் எதுவுமே இல்லை, தேடிப் பார்த்தேன். என் கண் தேடாத இடம் இல்லை, இல்லவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது ஒரு சின்னக் கோபம் தெரிந்திருந்தால் பொய்யை முழுசாகச் சொல்லியிருப்பேன்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. தையல் நல்லா இருக்குதாம். நாந்தான் பண்ணச் சொன்னேன்."

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். புரியாதவள்போல என்னைப் பார்த்தாள், பிறகு புரிந்தது.

"எப்பச் சொன்னே?"

"முந்தாநாள் கையெழுத்துப் போட்டேன்."

அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது, கண் ஒரு ஓரமாகப் போய் நின்றது, முந்தாநாள், நேற்று, நேற்றுச் சாயங்காலம்.

"அப்ப நேத்து நான் சொன்னப்ப?"

"போட்டுட்டேன்."

"கேட்டுட்டுச் சும்மா இருந்தே."

பக்கத்துக் கட்டில்காரி எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முகம் சிவக்கவில்லை, குரல் ஏறவில்லை, வெறும் விவரம் கேட்கிறவள்போலத்தான் கேட்டாள்.

"நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டே."

"அப்பறம்?"

அப்பறம் என்ன. சொல்ல எவ்வளவோ இருந்தது, வெங்காயம், காரின் கண்ணாடி, அந்த வெளிச்சம். பல் ஆடிக்கொண்டே இருந்தது, பயமா இருந்துச்சுக்கா என்றேன். அதுவும் முழுப் பொய்யில்லை. அவள் தலையை ஆட்டினாள். குனிந்து கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தாள், கம்பளியைக் கால்வரை இழுத்துவிட்டாள், அந்தக் கால் என்னுடையதா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை, அவள் அதைத் தொட்டது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. பிறகு, மாமாவுக்குப் போன் பண்ணீட்டு வரேன் என்று எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாளா தெரியாது. ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது, போனைக் காதில் வைத்திருந்தாள், பேசுகிற மாதிரி தெரியவில்லை, வெகுநேரம் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். மாமா அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தாரா, இல்லை அவரும் சும்மா இருந்தாரா. எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கவாவது முடிந்தால் தேவலை என்றிருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. இப்போது எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது, போகாததற்கு ஒரு காரணம். பார், இதையும் வசதி என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள், முன்நெற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது. தனபால் மதியம் மிதுனாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள், மாமா வாழ்த்துச் சொன்னார் என்றாள், ஸ்டூலைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், இவ்வளவு நாளும் கட்டிலை ஒட்டித்தான் போடுவாள், இப்போது ஒரு முழம் தள்ளி. நான் அவளைக் கூப்பிட வேண்டும் என்று வாயை நனைத்துக்கொண்டிருந்தபோது குழந்தை சிணுங்கியது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு அந்தப் பத்து நாற்பத்திரண்டு மணிக் கோபத்தோடு. அக்கா எழுந்தாள். அவள் கை இரண்டும் தொட்டிலுக்குள் போயின, பாதி தூரம், பழக்கந்தானே, கை போய்விட்டது, அங்கேயே நின்றன. குழந்தைக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இருக்கும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமா?" என்றாள்.

மிதுனா பிறந்து இந்த ஆறு வருசத்தில் அவள் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதில் இல்லாததும் தெரிந்திருக்கிறது, காரின் கண்ணாடி ஏறினது உட்பட, எப்போதிருந்து தெரியுமோ, அந்த ஜன்னலில் நின்றபோதுதான் எல்லாம் சேர்ந்து தெரிந்ததோ. இதைத்தானே நான் கேட்டேன், ஒரு தடவையாவது என்னைக் கேட்டுவிட்டு என் பிள்ளையைத் தொடட்டும் என்று. கேட்டுவிட்டாள். குழந்தை வாய் வறள அழுகிறது, அவள் கை அந்தரத்தில் நிற்கிறது, நான் சொன்னால்தான் எடுப்பாள், சொல்லாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்பாள். இதையெல்லாம் என்னைக் கேக்கோணுமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை என்று வாய்க்குத் தெரிந்திருந்தது.

"எடுக்கா," என்றேன்.

எடுத்தாள். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கையை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்து, தன் நெஞ்சில் படாமல், அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஜாக்கிரதையாகத் தூக்கி, என் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தினாள்.